பியாஃப்ரா: சர்ச் விமானங்கள் உயிரைக் காத்தனவா, போரை இழுத்தனவா?

அக்டோபர் 18, மாலை. வாசகர் கேள்வி

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் நாளை மறைபரப்பு ஞாயிறு, மிஷன் வேலைக்குக் காணிக்கை எடுக்கும் நாள். அதற்குக் கவர் கொடுத்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் கஷ்டப்படுகிறவர்களுக்குப் போகும் என்கிறார்கள். ஆனால் 1960-களில் நைஜீரியாவில் சர்ச்சுகள் விமானம் விட்டு உணவு கொடுத்ததால்தான் பியாஃப்ரா போர் ஒன்றரை வருடம் கூடுதலாக இழுத்தது, செத்தவர்களும் அதனால்தான் அதிகம் என்று படித்தேன். அப்படியானால் கவரில் பணம் போடுவது புண்ணியமா, பாவமா? தெரிந்தவர்கள் சொல்லவும்.

அக்டோபர் 18, இரவு

கவர் கேள்வி நாளைக்குள் தீர வேண்டியது என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். மறைபரப்பு ஞாயிறு காணிக்கை பஞ்ச நிவாரணத்துக்குப் போவதில்லை. அது ரோம் வழியாக மறைபரப்பு நாடுகளின் மறைமாவட்டங்களுக்குப் போகும். கோயில் கட்ட, உபதேசியாருக்கு (ஊரில் வேதம் சொல்லிக்கொடுப்பவர்) சம்பளம் கொடுக்க, குருமடம் நடத்த. நம் நாட்டு மறைமாவட்டங்களும் அதில் பங்கு வாங்குகின்றன. வெள்ளம், போர், பஞ்சம் என்றால் வேலை செய்வது காரித்தாஸ் என்ற கத்தோலிக்க நிவாரண அமைப்பு. அந்தக் காணிக்கை வேறு, இந்தக் காணிக்கை வேறு. போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம், ஆனால் பியாஃப்ராவைச் சாக்காகச் சொல்லாதீர்கள்.

அக்டோபர் 19

இப்போது பியாஃப்ரா. எனக்கு இதில் பேச என்ன தகுதி என்று யாரும் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். எண்ணெய்ப் பணம் கொழித்த நாட்களில் நைஜீரியா இந்தியாவிலிருந்து வாத்தியார்களை அள்ளிக்கொண்டு போனது. அதில் என் அப்பாவும் ஒருவர், கணக்கு வாத்தியார். பியாஃப்ராவாக இருந்த கிழக்குப் பகுதியில், ஓவெரி என்ற ஊரில் குடியிருந்தோம். போர் முடிந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. பெரியவர்கள் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள், பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள்.

தெரியாதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். 1966-ல் நைஜீரியாவில் இரண்டு ராணுவப் புரட்சிகள். வடக்கில் இக்போ மக்களை ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். மிச்சமிருந்தவர்கள் லட்சக்கணக்கில் கிழக்கே சொந்த ஊருக்கு ஓடி வந்தார்கள். 1967 மே 30-ல் கிழக்குப் பகுதியின் ராணுவ ஆளுநர் ஒஜுக்வு தனி நாடு அறிவித்தார். அதுதான் பியாஃப்ரா. ஜூலையில் போர். 1968 மே மாதம் போர்ட் ஹார்கோர்ட் துறைமுகம் விழுந்ததும் கடல் வழி முழுசாக அடைபட்டது.

அடைபட்டதும் ஏன் பிள்ளைகள் முதலில் செத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அந்த மண்ணில் மரவள்ளியும் சேனைவள்ளியும் விளையும், வயிறு ரொம்பும். புரதம் வெளியிலிருந்து வந்தது: மாடு வடக்கிலிருந்து, காய்ந்த மீன் கடல் வழியாக நார்வேயிலிருந்து. இரண்டும் நின்றன. வயிறு வீங்கி, முடி செம்பட்டையாகி, கால் வீங்கி உட்கார்ந்திருக்கும் குழந்தைகளின் படங்கள் 1968 கோடையில் ஐரோப்பிய, அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்தன. நோயின் பெயர் குவாஷியோர்கர். அங்கே சில பேர் அதற்கு அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் ஹரால்ட் வில்சன் பெயரையே வைத்துவிட்டார்கள். லாகோஸுக்கு, அதாவது அன்றைய தலைநகரில் இருந்த நைஜீரிய அரசுக்கு, ஆயுதம் கொடுத்தது பிரிட்டன் அல்லவா.

அக்டோபர் 19, பின்னிரவு

விமானம் பற்றி எழுதாமல் தூங்கப் போனால் நாளை திட்டு விழும்.

சாவோ தோமே என்று கினி வளைகுடாவில் ஒரு தீவு, அப்போது போர்ச்சுகல் கையில். அங்கிருந்து இரவில் கிளம்பி, விளக்கை அணைத்துக்கொண்டு கடலைக் கடந்து, உலி என்ற இடத்தில் இறங்குவார்கள். உலி விமான நிலையம் இல்லை. ஓவெரிக்குப் போகும் நெடுஞ்சாலையில் ஒரு துண்டை அகலப்படுத்தியிருந்தார்கள், அவ்வளவுதான். விமானம் தலைக்கு மேல் வந்த பிறகு சில நொடிகள் ஓடுபாதை விளக்கைப் போடுவார்கள், சக்கரம் தரையைத் தொட்டதும் அணைத்துவிடுவார்கள். மேலே நைஜீரியக் குண்டு விமானம் சுற்றிக்கொண்டிருக்கும். அதை ஓட்டிய கூலிப்படை விமானி வானொலியில் வந்து சர்ச் விமானிகளைக் கேலி செய்வானாம்.

சரக்கு: மாவு, பால் பவுடர், உப்பு, மருந்து, காய்ந்த மீன். விடிவதற்குள் இறக்கி லாரியில் ஏற்றி மறைத்துவிட வேண்டும். கத்தோலிக்கக் காரித்தாஸ், ஸ்காண்டிநேவிய லூத்தரன் சபைகள், கனடாவின் பிரஸ்பிட்டேரியன் சபை, அமெரிக்கக் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகள், கூடவே அமெரிக்க யூதர் அமைப்பு ஒன்று, எல்லாம் சேர்ந்து ஜாயின்ட் சர்ச் எய்ட் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். சுருக்கினால் ஜே.சி.ஏ. விமானிகள் அதை "ஜீசஸ் கிரைஸ்ட் ஏர்லைன்ஸ்" ஆக்கிவிட்டார்கள். போர் முடிவதற்குள் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட நடைகள், சுமார் 60,000 டன். இருபதுக்கும் மேற்பட்ட விமானிகளும் ஊழியர்களும் செத்தார்கள். 1969 ஆகஸ்டில் விழுந்த கனடா விமானத்தில் மட்டும் நான்கு பேர்.

அக்டோபர் 21

"மிஷனரிகள் எல்லாம் தேவதூதர்கள் என்கிறீர்களா?" என்று ஒருவர் காரமாகக் கேட்டிருக்கிறார். இல்லை சார். முழுசாகப் படியுங்கள், உங்களுக்கான சரக்கும் இருக்கிறது.

ஆரம்ப மாதங்களில் சர்ச்சுகளிடம் சொந்த விமானம் கிடையாது. ஹாங்க் வார்ட்டன் என்ற ஆயுதக் கடத்தல்காரரின் விமானத்தில் இடம் வாங்கித்தான் பால் பவுடர் அனுப்பினார்கள். உலியில் இறங்குவதற்கான ரகசியக் குறியீடுகள் அவர் ஆட்களிடம் மட்டும்தான் இருந்தன. அவர் வைத்ததே விலை. 1968 ஆகஸ்டில் ஸ்வீடன் பிரபு கார்ல் குஸ்தாஃப் ஃபோன் ரோசன் ஒரு விமானத்தைப் பட்டப்பகலில் மரங்களை உரசுகிற உயரத்தில் ஓட்டிக்கொண்டு போய் உலியில் இறக்கினார். அதற்குப் பிறகுதான் வார்ட்டனின் பிடி தளர்ந்து குறியீடு சர்ச்சுகளின் கைக்கு வந்தது.

இன்னொன்று, பணம். பங்குகளில் கூலி கொடுக்க, கிழங்கு வாங்க, லாரிக்கு எண்ணெய் போட உள்ளூர்ப் பணம் வேண்டும். சர்ச்சுகள் வெளிநாட்டில் டாலரும் பவுண்டும் கட்டின, பியாஃப்ரா அரசு உள்ளே தன் நோட்டைக் கொடுத்தது. அந்த டாலரை ஒஜுக்வு அரசு என்ன செய்திருக்கும்? பைபிளா வாங்கியிருக்கும்? அதோடு ஆயுத விமானமும் உணவு விமானமும் ஒரே இரவில் ஒரே ஓடுபாதையில், அடுத்தடுத்து. உணவு விமானம் இல்லாத உலியை இன்னும் துணிந்து அடித்து நொறுக்கியிருப்பார்கள். அந்த விதத்தில் பால் பவுடர் துப்பாக்கிக்குக் குடை பிடித்தது உண்மை.

ஆக, கேள்வி கேட்டவர் படித்த கட்டுரை வெறும் வம்பு இல்லை. நிவாரண வேலையிலேயே ஊறியவர்கள் சிலரும் பின்னால் இதையே எழுதியிருக்கிறார்கள். "ஒன்றரை வருடம்" என்று அளந்து சொல்வதுதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நடக்காத ஒன்றை யார் அளந்தார்கள்?

அக்டோபர் 22

பகலில் பறந்திருக்கலாமே, சோதனை போட்டுவிட்டு அனுமதித்திருக்கலாமே என்பவருக்கு. அதைத்தான் லாகோஸ் சொன்னது. 1969 செப்டம்பரில் செஞ்சிலுவைக் குழு நைஜீரியாவோடு பகல் விமானத்துக்கு ஒப்பந்தமே போட்டது. மறுத்தது பியாஃப்ரா. பகலில் உணவு வந்தால் இரவில் வரும் ஆயுதத்துக்கு மறைப்பு போய்விடும். தரை வழியாக லாரியில் அனுப்புகிறோம் என்றபோதும் மறுப்பு, விஷம் கலந்துவிடுவார்கள் என்று காரணம். அந்தப் பயத்தை வெறும் சாக்கு என்று என்னால் தள்ள முடியவில்லை. வடக்கில் 1966-ல் பார்த்ததைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அவர்கள்.

முற்றுகை போட்டவனை விட்டுவிட்டு மாவு கொண்டுபோனவனை மட்டும் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம் என்றும் தோன்றுகிறது. பட்டினி போட்டது லாகோஸ். பட்டினியைப் படம் எடுத்துக் காட்டி ஆதரவு தேடியது பியாஃப்ரா, அதற்கென்றே ஜெனீவாவில் விளம்பர நிறுவனம் வைத்திருந்தார்கள். நடுவில் பிள்ளைகள்.

அக்டோபர் 24

இஸ்லாமியர் கிறிஸ்தவர்களைப் பட்டினி போட்டார்கள் என்று யாரோ எழுதி, அதற்கு ஆறேழு பேர் சண்டை. அந்தப் பேச்சை அன்றைக்கே கிளப்பிவிட்டார்கள். ஐரோப்பிய சர்ச் மேடைகளில் காசு சேர்க்க அது நன்றாகவே உதவியது. ஆனால் நைஜீரியாவின் தலைவர் யாகுபு கோவன் கிறிஸ்தவர். பெற்றோர் சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் மிஷன் சங்கத்தின் ஊழியர்கள். நம் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடம் வைத்த அதே சி.எம்.எஸ். கூட்டாட்சிப் படையிலும் கிறிஸ்தவர்கள் ஏராளம். லாகோஸ் பக்கத்து ஆயர்களுக்கும் சபைகளுக்கும் ஜே.சி.ஏ. பெரிய தலைவலி. உலகத் திருச்சபைகள் மன்றம் இதனாலேயே தயங்கித் தயங்கி நின்றது, அதன் உறுப்பினர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். பாப்பரசர் ஆறாம் பவுல் 1969-ல் உகாண்டா போனபோது சமரசம் பேசிப் பார்த்தார். நடக்கவில்லை.

மதச் சண்டையை இதோடு நிறுத்துங்கள். வேண்டுமென்றால் தனி இழை திறந்துகொள்ளுங்கள்.

அக்டோபர் 25

ஓவெரியில் எங்கள் எதிர்வீட்டு அம்மா சந்தையில் துணி விற்றார். போர்க் காலத்தில் சின்னப் பெண். பங்குக் கோயில் வளாகத்தில் உணவு மையம், தினமும் ஒரு கோப்பைக் கஞ்சி. சோளமும் சோயாவும் பாலும் கலந்த மாவில் கிண்டியது. யாருக்கு எவ்வளவு என்று உபதேசியாரின் நோட்டில் இருக்கும். எந்த வீட்டில் எத்தனை பிள்ளை, எந்த வீட்டில் செத்துப்போன பிள்ளையின் பெயரை இன்னும் அடிக்காமல் வைத்திருக்கிறார்கள், எல்லாம் அந்த ஆளுக்குத் தெரியும். அவர் ஏமாற்றினாரா என்று என் அம்மா கேட்டார். "தன் அக்கா பிள்ளைகளுக்கு அகப்பையை ஆழமாக விடுவார்" என்று சொல்லிச் சிரித்தார் எதிர்வீட்டு அம்மா.

அகதி முகாமிலிருந்து வந்த வேற்று ஊர்க்காரர்கள் கடைசியில்தான் நிற்பார்களாம். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

அக்டோபர் 26

நாகப்பட்டினத்தோடு ஒப்பிடச் சொன்னவருக்கு. சுனாமிக்குப் பிறகு எங்கள் பங்கு இளைஞர்களோடு வேனில் அங்கே போனேன், அதனால் கொஞ்சம் தெரியும். உதவி குறையவில்லை, குவிந்தது. சாலை ஓரமெல்லாம் பழைய துணி. மீனவர்கள் தொடவில்லை, தொடுவார்கள் என்று யார் நினைத்தது? கோட், கம்பளிச் சட்டை, ஒற்றைச் செருப்பு. மழையில் நனைந்து நாறியது. பிறகு படகு. பல ஊர்களில் தொலைந்ததைவிட வந்தது அதிகம், அதுவரை கூலிக்குக் கடலுக்குப் போனவர்கள் பெயரிலும் படகு, ஆள் பற்றாக்குறை. ஒரு வெளிநாட்டு அமைப்பின் ஆட்கள் நாங்கள் பிரித்து அடுக்கிய பொட்டலங்களை மறுபடி மூட்டை கட்டச் சொன்னார்கள், தங்கள் பேனர் தெரிகிற மாதிரி படம் எடுக்க வேண்டுமாம். கட்டினோம்.

நாகையில் சாலை திறந்திருந்தது, யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கொண்டுவந்து கொட்டலாம். உலிக்கு ஒரு மூட்டை போக ஒரு விமானி உயிரைப் பணயம் வைக்க வேண்டும். கம்பளிச் சட்டையை யாரும் ஏற்ற மாட்டார்கள். என்ன வேண்டும் என்று உள்ளே இருந்த பாதிரியார்கள் பட்டியல் அனுப்பினார்கள், அதுதான் ஏறியது.

அக்டோபர் 29

மூன்று நாளாக இதையேதான் யோசிக்கிறேன்.

உலியில் இறங்கியது பசித்த வாய்க்குப் போய்ச் சேர்ந்தது ஏன்? அங்கே ஏற்கனவே சர்ச் இருந்தது. அயர்லாந்திலிருந்து வந்த ஹோலி கோஸ்ட் சபைக் குருக்கள் சில நூறு பேர், பல பேர் பத்து இருபது வருடமாக அங்கேயே இருந்தவர்கள், இக்போ சரளமாகப் பேசுவார்கள். ஒவ்வொரு பங்கிலும் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, உபதேசியார், நோட்டு. வெளியிலிருந்து வரும் எந்த நிறுவனமும் இந்த வலையை ஒரு வருடத்தில் பின்ன முடியாது.

இருபது வருடம் ஒரு ஊரில் ஞானஸ்நானம் கொடுத்து, கல்யாணம் செய்துவைத்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன மனிதன் அந்த ஊர்மேல் குண்டு விழும்போது நடுநிலையாக இருப்பானா? இருக்கவில்லை. டப்ளினுக்குக் கடிதம் எழுதினார்கள், மேடையில் பேசினார்கள், இது இன அழிப்பு என்றார்கள். அயர்லாந்தில் வீட்டுக்கு வீடு உண்டியல் போனது, 1968-ல் ஆஃப்ரிக்கா கன்சர்ன் என்ற அமைப்பே அதிலிருந்துதான் பிறந்தது. ஆக, எந்தக் காரணத்தால் அந்த உதவி திறமையாக இருந்ததோ, அதே காரணத்தால்தான் அது கட்சி சேர்ந்தது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் எப்படி என்று சொல்லட்டும்.

செஞ்சிலுவைக் குழு கட்சி சேராமல் இருந்தது. 1969 ஜூன் 5-ல் அவர்களுடைய டி.சி.-7 விமானம் ஒன்றை நைஜீரியாவின் மிக் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. விமான உதவியை நிறுத்தினார்கள். இரண்டு பக்கமும் சம்மதிக்காமல் பறப்பது அவர்கள் சட்டத்தில் இல்லை. சர்ச்சுகளுக்கு அப்படி ஒரு சட்டமும் கிடையாது, கொஞ்ச நாள் பொறுத்துவிட்டு மறுபடி பறந்தார்கள்.

அக்டோபர் 29, கொஞ்சம் கழித்து

அப்படியானால் கட்சி சேர்வது சரி என்கிறீர்களா என்று கேட்பதற்குள் ஃபோன் ரோசனைச் சொல்லிவிடுகிறேன். உணவு விமானத்தைப் பகலில் இறக்கிய அதே பிரபு, 1969 மே மாதம் சின்னஞ்சிறு ஸ்வீடன் விமானங்களில் ராக்கெட் மாட்டி நைஜீரிய விமானத் தளங்களை அடித்தார். மாவு மட்டும் கொண்டுபோனால் பிள்ளைகள் வயிறு நிறைந்து குண்டில் சாவார்கள் என்பது அவர் கணக்கு. எனக்கு அந்த ஆளைப் பிடிக்கும். ஆனால் எல்லா நிவாரண விமானியும் அப்படி யோசித்தால் அடுத்த போரில் எந்த அரசாங்கமும் மாவு மூட்டையை உள்ளே விடாது. பின்னால் எத்தியோப்பியாவில் உதவி வேலையில் இருக்கும்போதே 1977-ல் கொல்லப்பட்டார்.

இதில் எனக்கு ஒரு முடிவான கருத்து இல்லை. திங்கட்கிழமை ஒன்று தோன்றுகிறது, வியாழக்கிழமை வேறு.

நவம்பர் 2

போருக்குப் பிறகு என்ன ஆயிற்று என்ற கேள்விக்கு. 1970 ஜனவரி 15-ல் பியாஃப்ரா சரண். வென்றவர் தோற்றவர் என்று யாரும் இல்லை என்று கோவன் அறிவித்தார், பழிவாங்கும் படுகொலை நடக்கும் என்று பயந்தவர்கள் பயந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை, பாதிரியார்களின் இன அழிப்புப் பேச்சை வைத்து உலகம் எதிர்பார்த்தது வேறு. ஆனால் காரித்தாஸ், ஜே.சி.ஏ., அதன் ஸ்காண்டிநேவிய, கனடியப் பிரிவுகள் எதுவும் உள்ளே வரக்கூடாது என்று தடை. உதவி மிக அதிகமாகத் தேவைப்பட்ட அந்த வாரங்களில், வலையும் நோட்டும் வைத்திருந்தவர்கள் வெளியே. அனுமதியில்லாமல் நாட்டுக்குள் நுழைந்ததாக மிஷனரிகள்மேல் வழக்குப் போட்டு, தண்டனை கொடுத்து, நாடு கடத்தினார்கள். கட்சி சேர்ந்ததற்கான பில் அப்போதுதான் வந்தது. கட்டியது யார்? அந்த எதிர்வீட்டு அம்மா மாதிரி ஆட்கள்.

அந்த வருடமே கிழக்கில் மிஷன் பள்ளிகளை மாநில அரசு எடுத்துக்கொண்டது. அப்பா பாடம் எடுத்த பள்ளியும் அப்படி எடுத்ததுதான். சுவரில் புனிதர் பெயர் இருந்த இடத்தில் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், ஊர்க்காரர்கள் பழைய பெயரைத்தான் சொன்னார்கள். வாத்தியார் தேவைப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று அப்பா சொல்வார். வெள்ளைக்காரப் பாதிரியார் போன நாற்காலியில் திருநெல்வேலிக்காரர். 1980-களில் எண்ணெய் விலை விழுந்து சம்பளம் மாதக்கணக்கில் நின்றபோது நாங்களும் மூட்டை கட்டினோம், அது வேறு கதை.

நவம்பர் 3

பியாஃப்ராவிலிருந்து கபோன், ஐவரி கோஸ்ட் நாடுகளுக்குக் கொண்டுபோன குழந்தைகளைப் பற்றிக் கேட்டவருக்கு: ஆயிரக்கணக்கில் போனார்கள், போர் முடிந்ததும் பெரும்பாலும் திரும்பினார்கள், ஐ.நா. அகதிகள் ஆணையம் நடுவில் நின்று நடத்தியது. பிள்ளைகளைக் கடத்திவிட்டார்கள் என்று லாகோஸ் கத்தியது. காலி விமானம் திரும்பிப் போகும்போது பிள்ளையை ஏற்றுவது அந்த இரவில் நியாயமாகத்தான் தெரிந்திருக்கும். அதற்கும் நோட்டு வேண்டும், யார் பிள்ளை எந்த ஊர் என்று. சரியாக எழுதாமல் ஏற்றிய பிள்ளைகளின் பாடுதான் பெரும்பாடு.

பிரெஞ்சு டாக்டர்கள் கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் ஒரே வரி: செஞ்சிலுவைக்காகப் போய், வாய்மூடி வேலை செய்ய முடியாமல் திரும்பிய பெர்னார் குஷ்னர் போன்றவர்கள் இருந்த கூட்டம்தான் 1971-ல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பைத் தொடங்கியது.

நவம்பர் 9

இழை ஓய்ந்தது என்று பார்த்தால் காய்ந்த மீன் பற்றி மட்டும் நான்கு கேள்வி. நம் ஆட்கள் சாப்பாட்டில்தான் ஒன்று சேர்வார்கள்.

போரில்தான் இக்போக்கள் அதைச் சாப்பிடக் கற்றார்கள் என்பது தவறு. நார்வே வியாபாரிகள் அதற்கு முன்பே விற்றுக்கொண்டிருந்தார்கள், போர் அதை இன்னும் ஆழமாக ஊன்றிவிட்டது. இன்றைக்கும் நார்வேக்காரர்களுக்கு நைஜீரியா பெரிய சந்தை, மீன் தலை உட்பட எல்லாம் போகும். நம் கருவாடு மாதிரி உப்புப் போடுவதில்லை, குளிர்காற்றிலேயே காய்கிறது. விறகுக் கட்டை மாதிரி இருக்கும். சந்தையில் ரம்பம் வைத்து அறுத்துத் தருவார்கள். இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும், பிறகு கசப்புக்கீரை சூப்பில் கொதிக்கவிட வேண்டும். என் அம்மா ஒருமுறை அதில் புளிக்குழம்பு வைத்துப் பார்த்தார். தெருவே மணத்தது, எதிர்வீட்டு அம்மா ருசி பார்த்துவிட்டு, நல்ல மீனை வீணாக்கிவிட்டாய் என்று திட்டிவிட்டுப் போனார்.